கடப்பாரையும் லாரியும்

எல்லாருக்கும் ஒரே கேள்வி. முடிவெட்டுற கடையில, பஸ் ஸ்டாப்புல, எங்க டிப்போவுல டயர் கழட்டுற இடத்துல, எங்க போனாலும் அதே கேள்வி. அந்தக் காலத்துக் கடப்பாரையும் இந்தக் காலத்து லாரியும் மோதினா யாரு ஜெயிப்பாங்க? ஒருத்தன் கடப்பாரைம்பான். இன்னொருத்தன் போடா, லாரிதான்ம்பான். பேசுற ரெண்டு பேருமே வாழ்க்கையில ஒரு குத்து வாங்கியிருக்க மாட்டாங்க. வாய் மட்டும் காது வரைக்கும் போகும்.

நான் அந்தப் பேச்சுல கலந்துக்கறது இல்லை. கலந்துக்கிட்டா கை நீண்டுடும், வேலை போயிடும். ஏன்னா கடப்பாரைங்கறது எங்க மாமா. எங்க அக்கா புருஷன். இடது கையை நேரா நீட்டினாருன்னா எதிராளி மூக்கு உள்ளே போயிடும், அதனால அந்தப் பேரு. இப்ப லாரி இருக்கற மாதிரி அவரு பாக்ஸிங்ல ஹெவிவெயிட் சாம்பியனா இருந்த காலம் பூரா அவரோட மூலையில நின்னவன் நான். ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு நிமிஷம். அதுக்குள்ள வாயில தண்ணி ஊத்தணும், கிழிஞ்ச புருவத்துல மருந்துப் பஞ்சை அழுத்தி ரத்தத்தை நிறுத்தணும், வீங்கின கண்ணுல ஐஸ்ல போட்ட இரும்பை வெச்சு ஒத்தணும், காதுல நாலு பொய் சொல்லி மறுபடி அனுப்பணும். ரத்தம் நிறுத்துறதுல நான் கெட்டிக்காரன். பொய் சொல்றதுல அதைவிடக் கெட்டிக்காரன்.

"ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம் மாமா." எல்லா ரவுண்டுக்கும் இதுதான் நான் சொல்றது. மூஞ்சி பஞ்சரான டயர் மாதிரி தொங்கிக்கிட்டு இருந்தாலும் இதேதான். அவரும் நம்பிட்டு எழுந்து போய் நெஜமாவே ஜெயிச்சுட்டு வந்துடுவாரு. ஒரு போட்டியில கூட அவரு தோத்தது கிடையாது. ஊரே மெச்சிக்குது. அந்தப் பாழாப்போன பெருமைதான் எங்க வீட்டுக்குள்ள பேயா உக்காந்துடுச்சு.

தலையில வாங்கினதெல்லாம் உள்ளேயே கிடந்து இப்ப வேலையைக் காட்டுதுன்னு டாக்டர் சொன்னாரு. மாமாவுக்கு நேத்து நடந்தது ஞாபகம் இல்லை. சாப்பிட்டோமா இல்லையான்னு தெரியாது. ஆனா தினமும் விடிஞ்சும் விடியாம எழுந்து, தானே கையில துணியைச் சுத்திக் கட்டிக்கிட்டு, வாசல் கதவுப் பக்கம் செருப்பு மாட்டுற ஸ்டூல்ல வந்து உக்காந்துடுவாரு. என்னைப் பார்த்ததும், "மச்சான், எப்பக் கூப்பிடுவாங்க?"ம்பாரு. போட்டிக்கு. அவரைப் பொறுத்த வரைக்கும் இன்னிக்குத்தான் போட்டி. எல்லா நாளும் இன்னிக்குத்தான் போட்டி.

அக்கா ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே வந்து நிப்பா. "எங்க கிளம்பிட்டீங்க? போகாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"இது ஒண்ணுதான்மா. தோத்தேன்னா அன்னிக்கே நிறுத்திடறேன். வாக்குன்னா வாக்கு." சொல்லிட்டு அவ கன்னத்தைக் கிள்ளுவாரு, துணி சுத்தின கையாலேயே. அவ, "ஆமா, பெரிய வாக்கு"ன்னு முகத்தைத் திருப்பிக்குவா. அதுக்கு அப்புறம் நாள் பூரா அவரு அவகிட்ட பேசுறதே கிடையாது. அவளும் நானும் மாத்தி மாத்தி ஏதாவது சொல்லி உள்ளே கூட்டிட்டுப் போவோம்.

கல்யாணத்துக்கு முன்னாடி கொடுத்த வாக்கு அது. எப்ப நிறுத்துவீங்கன்னு இவ கேட்டிருக்கா, தோக்குற அன்னிக்குன்னு அவரு சொல்லியிருக்காரு. எங்க தோத்தாரு? கடைசியில ஸ்கேனைப் பார்த்துட்டு பாக்ஸிங் சங்கம்தான் இனிமே மேடை ஏறக் கூடாதுன்னு லைசென்ஸைப் பிடுங்கிடுச்சு. அந்த ஸ்கேனை ஆயிரம் தடவை காட்டியாச்சு. படத்தைப் பார்த்துச் சிரிப்பாரு. மேடையில நடந்த எதையும் அந்த மனுஷன் மறக்க மாட்டாரு, மேடையில நடக்காத எதையும் நம்ப மாட்டாரு.

எங்க வீட்ல மணி அடிக்கிற சாமான் எதுவும் கிடையாது. காலிங் பெல்லைப் பிடுங்கி எறிஞ்சாச்சு. அலாரம் கிடையாது. போன் எப்பவும் ஊமையாத்தான் கிடக்கும். டிங்குன்னு ஒரு சத்தம் கேட்டா போதும், மாமா எழுந்து கையைத் தூக்கிக்கிட்டு நடுக் கூடத்துக்கு வந்துடுவாரு. எதிர்ல யாரு நின்னாலும் எதிராளிதான். நானே ரெண்டு தடவை வாங்கியிருக்கேன். சொந்தக்காரன்னா கொஞ்சம் சலுகை உண்டுன்னு நினைச்சேன், ஒரு மண்ணும் கிடையாது.

எல்லாத்தையும் அடக்கின நாங்க லிஃப்டை மறந்துட்டோம். அன்னிக்கு லிஃப்டு ரிப்பேர் பார்க்க வந்தவரு எங்க மாடியில நிறுத்தி, கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு மணியை அழுத்திப் பார்த்திருக்காரு. எங்க வாசல் கதவு திறந்து கிடந்தது. நான் ஓடிப் போறதுக்குள்ள அந்த மனுஷன் தரையில கிடந்தாரு, தாடை ஒரு பக்கமா போயிடுச்சு. மாமா அவரு தலைமாட்டுல நின்னுக்கிட்டு ரெஃப்ரி எண்ணுறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு.

அப்புறம் கேக்கணுமா? குடியிருக்கறவங்க எல்லாம் கூட்டம் போட்டாங்க. போலீஸ் வந்தது. டாக்டர் எங்களைத் தனியா உக்கார வெச்சு, "இன்னொரு தடவை யாரையாவது அடிச்சாருன்னா வீட்ல வெச்சுக்க விடமாட்டாங்க. பூட்டின வார்டுதான்"னு சொல்லிட்டாரு. அக்கா சும்மா இருப்பாளா, அந்த வார்டையும் போய்ப் பார்த்துட்டு வந்தா. வந்து ரொம்ப நேரம் செருப்பைக் கூடக் கழட்டாம உக்காந்திருந்தா.

"கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே இல்லைடா. மாமா மாதிரியே ஒரு பெரிய ஆளு. கையில பஞ்சு வெச்ச உறை மாட்டி, மணிக்கட்டுல பூட்டு. மூக்கு அரிச்சா சொறிய முடியாது. சுவத்துல தேய்ச்சுக்கறாரு." அவ்வளவுதான் சொன்னா.

இந்த நிலைமையிலதான் ஒரு டிவிக்காரர் வந்தாரு. மெலிஞ்ச ஆளு, பேச்சுல தேன் ஒழுகுது. கதவைத் தட்டச் சொல்லி நான் போன்லயே சொல்லியிருந்தேன், ஒழுங்கா தட்டினாரு.

"ஐயாவோட பழைய படமெல்லாம் எங்ககிட்ட இருக்கு மேடம். வாலிப வயசு ஐயாவைக் கம்ப்யூட்டர்ல அப்படியே கொண்டு வந்துடுவோம். லாரியோட மோத விடுவோம். நேர்ல பார்க்கிற மாதிரியே இருக்கும். ஐயாவோட உடம்பு அசைவை மட்டும் ஸ்டுடியோவுல கொஞ்சம் அளந்துக்கணும். உங்க சம்மதம் வேணும்."

"யாரு ஜெயிப்பாங்க?"ன்னு அக்கா கேட்டா.

"அது கம்ப்யூட்டர் முடிவு பண்ணும் மேடம். நாங்க தலையிட மாட்டோம்."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லித் தர்றது?"

அவரு கொஞ்சம் நெளிஞ்சாரு. "அது... நாங்கதான்."

"அப்ப இவரு தோக்கணும்னு சொல்லிக் கொடுங்க. இல்லேன்னா நடையைக் கட்டுங்க."

டிவிக்காரர் என்னைப் பார்த்தாரு. நான் அக்காவைப் பார்த்தேன். "மேடம், ஜெயிக்கணும்னு சொல்றதுக்குப் பதிலா வாய் தவறி..."

"எனக்குப் பேச வரும் தம்பி. தோக்கணும். ஆனா கீழே விழக் கூடாது, நின்னபடி தோக்கணும். மூஞ்சியில ரத்தம் காட்டக் கூடாது. கடைசி மணி அடிக்கிற வரைக்கும் நிக்கணும். அப்புறம் பாயிண்டுல தோத்துட்டாருன்னு மைக்குல சத்தமா சொல்லணும், அவரு காதுல விழுற மாதிரி."

அவரு போனதும் எனக்கு வந்தது பாரு கோபம். சமையல் ரூம்ல போய்க் குதிச்சேன். "உனக்கு மூளை இருக்கா? தோல்வியே பார்க்காத மனுஷன். உலகத்துல அவருக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கி எவனோ ஒரு லாரிக்குக் கொடுக்குறியா? பொம்மைப் படத்துல?"

அவ அடுப்பை அணைச்சா. "நீ அவரு மூலையில நின்னே. நான் எங்க நின்னேன் தெரியுமா? பாத்ரூம்ல. போட்டி நடக்கறப்ப எல்லாம் குழாயைத் திறந்து விட்டுட்டு உக்காந்திருப்பேன். இன்னிக்காவது தோத்துடணும், இன்னிக்காவது தோத்துடணும்னு வேண்டிக்கிட்டே இருப்பேன். புருஷன் தோக்கணும்னு வேண்டின ஒரே பொம்பளை நானாத்தான் இருப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சாமி கேட்டிருந்தா அந்த மனுஷன் தலை தப்பிச்சிருக்கும்." மூக்கை உறிஞ்சிக்கிட்டா. "தோத்தா நிறுத்துவாருடா. வாக்கு மாற மாட்டாரு. நிறுத்திட்டாருன்னா கையைத் தூக்க மாட்டாரு. கையைத் தூக்கலேன்னா இங்கேயே இருப்பாரு. எனக்கு அது போதும்."

வேற வழி இருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?

ஸ்டுடியோவுல மாமா உடம்பு பூரா சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டா ஒட்டினாங்க. குத்துங்க ஐயான்னாங்க. அவரு காத்தைக் குத்தினாரு. சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்கறப்ப நடுங்குற அதே கை, அப்ப நடுங்கவே இல்லை.

லாரியும் வந்திருந்தான். ஆளைப் பார்த்தா வாசல் நிலை இடிக்கும், ஆனா பேச்சு பூனைக்குட்டி மாதிரி. கையைக் கட்டிக்கிட்டு மாமா முன்னாடி நின்னான். "ஐயா, உங்ககூட மோதப் போறவன் நான்தான்."

மாமா அவனை மேலேயும் கீழேயும் பார்த்தாரு. "வயித்தை மறைக்காம வர்றே. பத்திரம்பா."

அவன் அப்படியே சிரிச்சுட்டான். வெளியே வந்ததும் என்னை ஓரமா கூப்பிட்டு, "அண்ணே, முடிவை என்கிட்ட சொல்லிட்டாங்க. எனக்கு இது பிடிக்கல. அவரு காலத்துல நான் இருந்திருந்தா என்னைத் தூக்கிப் போட்டிருப்பாரு"ன்னான். எனக்கும் அது தெரியும். அக்காதான் கேட்டாங்கன்னு சொன்னேன்.

அந்த நிகழ்ச்சி ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தது. அக்கா மாமாவைக் குளிப்பாட்டி, பழைய மேலங்கியைப் போட்டு விட்டா. கூடத்துல இருந்த சாமானை எல்லாம் ஓரம் கட்டினோம். டிவியில இருந்து தள்ளி ஸ்டூலைப் போட்டோம். பக்கெட்டு, தண்ணி பாட்டில், துண்டோட நான் பின்னாடி நின்னேன். சிரிப்பா இருக்கும் பார்க்கறவங்களுக்கு.

திரையில மாமா வந்தாரு. நெஜமா சொல்றேன், அப்படியே அவருதான். அந்தத் தோள், அந்த நடை, கயித்தைத் தாண்டி உள்ளே வர்றப்ப தலையைச் சாய்க்கிற விதம், எல்லாம். அக்கா சேலைத் தலைப்பை வாயில வெச்சு அழுத்திக்கிட்டா. மணி அடிச்சது. ஸ்டூல்ல இருந்த மாமா எழுந்தாரு. அங்கே அவரு இடது கை நீண்டா இங்கேயும் நீண்டுச்சு. அங்கே குனிஞ்சா இங்கேயும் குனிஞ்சாரு. ரவுண்டு முடிஞ்சதும் வந்து உக்காந்து வாயைத் திறந்தாரு. நான் தண்ணி ஊத்தினேன். டிவியில சோப்பு விளம்பரம் ஓடிக்கிட்டு இருந்தது. எங்களுக்கு அதுதான் அந்த ஒரு நிமிஷம்.

ஆரம்பத்துல கடப்பாரைதான் மேல. நடுவுல லாரி நெருங்கி நெருங்கி வந்து விலாவுல போட ஆரம்பிச்சான். ஒவ்வொரு குத்துக்கும் மாமா இங்கே முனகுறாரு. திரையில விழுற மாதிரி இருந்துச்சு, விழல. டிவிக்காரங்க சொன்ன சொல்லைக் காப்பாத்துறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். மாமா மூச்சு வாங்கிக்கிட்டே வந்து உக்காந்தாரு. வேர்வை ஆறா ஓடுது.

"எப்படிப் போகுது மச்சான்?"

நாக்கு நுனியில இருக்கு, ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம்னு. எத்தனை வருஷப் பழக்கம் அது! நிமிர்ந்தா அக்கா சமையல் ரூம் வாசல்ல நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருக்கா. கெஞ்சுற பார்வை இல்லை. முறைக்கிறா.

"தோத்துக்கிட்டு இருக்கோம் மாமா."

அவரு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாரு. நான் அவர்கிட்ட முதல் தடவையா சொன்ன உண்மை அது. "அப்படியா? சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ என்கிட்ட பொய் சொன்னதே இல்லை"ன்னாரு.

எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கலாம் போல இருந்தது.

கடைசி ரவுண்டுல அந்த டிவிக்காரன் என்ன நினைச்சானோ, கடப்பாரையை அப்படி எழுப்பி விட்டுட்டான். இடது, இடது, இடது, வலது. லாரி கயித்துல போய்ச் சாயுறான். நான் எல்லாத்தையும் மறந்துட்டு, "விடாதீங்க மாமா! மூக்குல போடுங்க!"ன்னு கத்தறேன். அக்கா ஓடி வந்து என் முதுகுல ரெண்டு போட்டா. அதுக்குள்ள மணி அடிச்சுடுச்சு. மைக்குல சொன்னாங்க, பாயிண்டுல லாரி ஜெயிச்சான்னு. சத்தமாத்தான் சொன்னாங்க.

மாமா நடுக் கூடத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. டிவியைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினாரு. "நல்லா அடிச்சான்"னாரு. வந்து உக்காந்து, கையில இருந்த துணியைத் தானே அவிழ்த்தாரு. எப்பவும் நான்தான் அவிழ்க்கணும். "போதும் மச்சான். முடிஞ்சு போச்சு"ன்னு சொல்லிட்டு உள்ளே போய்ப் படுத்துட்டாரு.

மறுநாள் காலையில ஸ்டூல் காலியா இருந்தது. மாமா தூங்கிக்கிட்டு இருந்தாரு. அக்கா கதவுல சாய்ஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தா. "எப்படித் தூங்குறாரு பாரேன்டா, குழந்தை மாதிரி"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அடுத்தடுத்த நாளும் அப்படித்தான். அக்கா வேணும்னே ஒரு நாள் கரண்டியால பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தா. அவரு திரும்பக் கூட இல்லை. காலிங் பெல்லைத் திரும்ப மாட்டினேன். கண்ணுக்குக் கீழே கறுப்பு போய், அக்கா முகத்துல தெளிவு வந்துடுச்சு. "ஓசிச் சோறு தின்னுக்கிட்டு என்னையே திட்டினியே, இப்ப என்ன சொல்றே?"ன்னு என்னை வம்புக்கு இழுப்பா. டாக்டர் கூட, இனிமே வார்டுப் பேச்சே வேண்டாம்னுட்டாரு.

அந்தச் சந்தோஷம் நிலைக்கல. தூங்குறாருன்னு நினைச்சது தூக்கம் இல்லை. எழுப்பினா எழுந்தாரு. உக்கார வெச்ச இடத்துல இருந்தாரு. பசின்னு கேக்கறது இல்லை. வாயில வெச்சா முழுங்குவாரு, அப்புறம் அதையும் மறந்துட்டாரு. நான் உள்ளே வந்தா மச்சான்னு கூப்பிடறது நின்னு போச்சு. ஸ்டூலும் இல்லை, துணியும் இல்லை, இது ஒண்ணுதான்மான்னு சொல்ற பேச்சும் இல்லை. அக்கா காலையில ஈரக் கையோட வந்து அவரு முன்னாடி நிப்பா. அவரு அவளைத் தாண்டி சுவத்தைப் பார்ப்பாரு. நோய் முத்திக்கிட்டே வரும்னு நான் முன்னாடியே சொன்னேனேன்னாரு டாக்டர். இருக்கலாம். அவரு படிச்சவரு. ஆனா எழுந்திருக்க ஒரு காரியம் இருந்தவரைக்கும் அந்த மனுஷன் எழுந்திருச்சாரு. அதைத்தான் நாங்க எடுத்துட்டோம்.

ஒரு நாள் காலையில அக்கா என் முன்னாடி வந்து நின்னா. தலை கூட வாரல. "டேய், போட்டி இருக்குன்னு சொல்லுடா."

"என்னது?"

"லாரி மறுபடியும் கூப்பிடுறான்னு சொல்லு. அவரு நம்புவாரு. நீ சொன்னா நம்புவாரு. எழுந்து யாரையாவது அடிச்சாலும் பரவாயில்லை. என்னையே அடிக்கட்டும். அந்த வார்டுலேயே கொண்டு போய்ப் பூட்டட்டும், நான் வெளியில உக்காந்துக்கறேன். ஒரு தடவை என்னைப் பார்த்து இது ஒண்ணுதான்மான்னு சொல்லச் சொல்லு."

நான் போய் அவரு காதுகிட்ட குனிஞ்சேன். எத்தனையோ தடவை குனிஞ்ச காது. "மாமா. லாரி மறுபடியும் மோதணுங்கறான். தீர்ப்பு தப்புன்னு ஊரே சொல்லுது. இந்தத் தடவை நாமதான் ஜெயிக்கிறோம்."

அவரு கண்ணு மெல்ல என் பக்கம் வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அதுல ஆள் இருந்தாரு. அக்கா அவரு முட்டி மேல கையை வெச்சு முன்னாடி உக்காந்தா.

"இல்லப்பா"ன்னாரு. யாரோ வெளியாள்கிட்ட பேசுற மரியாதையோட. "நான் நிறுத்திட்டேன். தோத்தா நிறுத்தறேன்னு வீட்ல வாக்குக் கொடுத்திருக்கேன்."

"மாமா, ஒரே ஒரு போட்டி..."

"வேண்டாம்பா. அவ ரொம்ப காலமா இதைத்தான் வேண்டிக்கிட்டு இருந்தா. வாய் விட்டுச் சொல்ல மாட்டா, பாவம். குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவா. எனக்குக் கேக்காதுன்னு நினைச்சுக்குவா." சுத்தி முத்தியும் பார்த்தாரு. கண்ணு அக்கா முகத்துல ஒரு நிமிஷம் நின்னுச்சு. "அம்மா, நீங்க இந்த வீட்டு ஆளா? என் சம்சாரம் வந்தா கொஞ்சம் சொல்லிடுறீங்களா? நான் தோத்துட்டேன்னு சொல்லுங்க. சந்தோஷப்படுவா."

அக்கா அவரு முட்டி மேல வெச்சிருந்த தன் கையை எடுத்துக்கிட்டா.

"சொல்லிடறேங்க"ன்னா.